கார்ல்சனுக்குப் பக்கத்தில் நின்றவர்

2017 பிளேஆஃபில் ஐஸ் ஹாக்கி அணியான ஒட்டாவா செனட்டர்ஸ் ஒரே ஒரு கோலில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டது. பிட்ஸ்பர்குடன் ஏழாவது ஆட்டம் இரண்டாவது ஓவர்டைம் வரை இழுத்தது. அணியை அவ்வளவு தூரம் தூக்கிவந்தவர் டிஃபென்டர் எரிக் கார்ல்சன். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அவருக்கு இடப்பக்கம் நின்ற மார்க் மெத்தாட்டை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்வது அநியாயம்.

ஐஸ் ஹாக்கியில் டிஃபென்டர்கள் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். கார்ல்சன் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டும்போதே மெத்தாட் பின்னால் நகரத் தொடங்கிவிடுவார். பக் பறிபோனால் பாய்ந்துவரும் இருவருக்கு எதிரே அவர் ஒருவர்தான். நேர் ஷாட்டைக் கோல்கீப்பரிடம் விட்டுவிட்டு, குறுக்குப் பாஸை மட்டையால் மறிப்பார். மூலையில் இடி வாங்கிக்கொண்டு பக்கைக் கார்ல்சனிடம் தள்ளிவிடுவதும் அவரே. இதில் எதுவும், கோலும் அசிஸ்டும் சேர்ந்த புள்ளிக்கணக்கில் ஏறாது. அந்த மார்ச்சில் சிட்னி கிராஸ்பியின் மட்டை பட்டு அவருடைய சுண்டுவிரல் நுனி சிதைந்தது. அப்படியும் பிளேஆஃபுக்கு வந்து ஆடினார்.

ஜூனில், லீகில் புதிதாகச் சேர்ந்த வேகாஸ் அணிக்காக மற்ற அணிகளிலிருந்து வீரர் தேர்வு நடந்தது. ஒட்டாவா மூன்று டிஃபென்டர்களை மட்டுமே அதிலிருந்து காப்பாற்றிக்கொண்டது. டியான் ஃபனூஃபின் ஒப்பந்தத்தில் அவரை நகர்த்த முடியாத விதி இருந்தது. அதை அவர் விட்டுத்தரவில்லை. அவருக்கு ஓர் இடம் போனதால், மெத்தாட் வேகாஸுக்குப் போனார். அந்த இடத்துக்கு ஜானி ஒடுயாவை ஓராண்டு ஒப்பந்தத்தில் பிடித்தார்கள்.

அடுத்த பருவத்தில் கார்ல்சனின் பிளஸ்-மைனஸ் கணக்கு (அவர் களத்தில் இருக்கையில் அணி போட்ட, வாங்கிய கோல்களின் வித்தியாசம்) +10-இலிருந்து –25-க்குச் சரிந்தது. லீக் அட்டவணையில் அணி 98 புள்ளிகளிலிருந்து 67-க்கு விழுந்தது. கோடையில் கார்ல்சனுக்குக் காலில் அறுவைசிகிச்சை நடந்திருந்தது; பிளஸ்-மைனஸும் தோராயமான கணக்குதான். எல்லாப் பழியையும் ஒருவர் இல்லாததன் மேல் போட முடியாது. ஆனாலும் எதிரணியின் திடீர்த் தாக்குதலில் பின்னால் காவல் இல்லாமல் கார்ல்சன் தவித்தது கண்கூடு. 2018 செப்டம்பரில் அவரையே சான் ஹோசேக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வர்த்தகத்தில் ஒட்டாவாவுக்கு வந்தவர்களில் டிலன் டிமெலோ ஒருவர். அவரும் மெத்தாட் ரகம்தான்: அலட்டல் இல்லாதவர், இடம் பிசகாதவர். 2018-19-இல் அவர் துணையோடு இளம் டிஃபென்டர் தாமஸ் ஷாபோ 55 புள்ளிகள் எடுத்தார். பட்ட பிறகாவது ஒட்டாவா இந்த ஜோடியைப் பொத்திவைத்திருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தம் முடியப்போகிறது என்று 2020 பிப்ரவரியில், புதுமுக வீரர் தேர்வின் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்புக்கு டிமெலோவை வின்னிபெக்குக்குக் கொடுத்தது. கண்ணில் படும் புள்ளிகளுக்கு மட்டும் விலை போட்டால் இப்படித்தான் ஆகும்.

வின்னிபெக்கில் 2022-23-இல் டிஃபென்டர் ஜோஷ் மாரிசிக்குத் துணையாக அவர் நின்றார். முந்தைய பருவத்தில் 37 புள்ளிகள் எடுத்த மாரிசி அந்த முறை 76 எடுத்தார். பயிற்சியாளர் ரிக் போனஸின் ஆட்டமுறைக்கும் அதில் பங்குண்டு. டிமெலோவின் மதிப்பை வின்னிபெக் புரிந்துகொண்டது. 2024-இல் நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டது.