பளபளப்புதான் பகை

துப்பாக்கிக் குழல் வெயிலில் மின்னாமல் மறைக்க வேட்டைக்காரர்கள் கையாண்ட உத்திகள் இப்போது பறவைப் படம் எடுப்பவர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் விலங்கையும் பறவையையும் குறிவைக்கும் வேலை பெரும்பாலும் கேமராவுக்குத்தான். தொல்லை மட்டும் மாறவில்லை: அலுமினிய முக்காலி, வெள்ளை டெலி லென்ஸ், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் எல்லாமே தூரத்திலிருந்தே கண்ணைக் கூச வைக்கும். இவற்றை மறைக்கச் சந்தையில் கிடைக்கும் மூன்று பொருட்களைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

கேமோ துணி டேப்: சில நூறு ரூபாய்தான். பசை கிடையாது, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். இழுத்துச் சுற்றினால் பிடிப்பு நன்றாக இருக்கிறது, பிரித்தால் கறை இல்லை. முக்காலியில் மேல் குழாயில் மட்டும் சுற்றுங்கள். உள்ளே நுழையும் கீழ்க் குழாய்களில் சுற்றினால் காலை மடக்க முடியாது. லென்ஸில் ஜூம், ஃபோகஸ் வளையங்களை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். பெரிய குறை, தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது. கடலோரம் போய்வந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். உப்பு ஈரம் உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது.

நியோப்ரீன் லென்ஸ் உறை: இதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். உங்கள் லென்ஸ் மாடலுக்கென்றே வெட்டித் தைத்தது என்பதால் வளையங்கள் தடையின்றிச் சுழலும், இடி கீறலும் தாங்கும். ஆனால் பொத்தான்கள் தெரிவதற்காக வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் வெயிலில் மின்னுகிறது! இன்னொன்று, பெரிய லென்ஸ்களுக்கு வெள்ளை பூசுவதே சூடேறாமல் இருக்கத்தான். அதன்மேல் கரும்பச்சை உறை மாட்டினால் நண்பகலில் அந்தப் பயனை இழக்கிறோம்.

மேட் ஸ்ப்ரே பெயின்ட்: முக்காலித் திருகு, பை பக்கிள் போன்ற சில்லறைச் சாமான்களுக்குச் சரி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் அடித்தால் உரிந்துவிடும். கேமரா, லென்ஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பின்னால் விற்கும்போது விலை போகாது.

மூன்றையும் ரூபாய் நோட்டுச் சரிபார்க்கும் புற ஊதா டார்ச் அடித்தும் பார்த்தேன். நிறம் காண நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள். பகலில் நடமாடும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு. பல பறவைகளுக்குப் புற ஊதாவும் தெரியும். டேப்பும் உறையும் இருட்டாகவே இருந்தன. நீலமாக ஒளிர்ந்தவை கேமரா வாரின் வெள்ளைத் தையலும், சோப்புத் தூளில் துவைத்த தொப்பியும். துணியை வெண்மையாகக் காட்டச் சோப்புத் தூளில் சேர்க்கும் ரசாயனத்தின் வேலை அது. மானுக்கு இரண்டு வகைக் கூம்பு செல்கள்தான். ஆரஞ்சு நிறம் அதற்கு எடுப்பாகத் தெரியாது. அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையோடு காட்டுக்குள் போக முடிவது இதனால்தான். நாம் காணும் நிறம் அவற்றுக்கு அப்படியே தெரிவதில்லை என்பதால் இலை அச்சு எவ்வளவு தத்ரூபம் என்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம். பளபளக்காத மேற்பரப்பா என்று மட்டும் பாருங்கள்.

எந்தப் பொருளும் தீர்க்காத மினுக்கம் லென்ஸின் முன் கண்ணாடி. அதற்கு நீளமான ஹூட் போடுங்கள். பின்திரையில் படம் தானாகத் தெரிவதை அணைத்துவிடுங்கள். எவர்சில்வர் பாட்டிலுக்கு ஒரு பழைய சாக்ஸ் போதும்.

யாருக்குத் தேவை? வேடந்தாங்கல் கரையில் நின்று படமெடுப்பவர்களுக்கு எதுவும் வேண்டாம். அங்குள்ள பறவைகளுக்கு மனிதர் பழக்கம். கோடியக்கரைச் சேற்றுவெளியில் உள்ளான்களை நெருங்க நினைப்பவர்கள் டேப் வாங்கலாம். அடிக்கடி பாறைக்காட்டில் திரிபவருக்கு உறை, அதுவும் லென்ஸைப் பாதுகாக்க. எதைச் சுற்றினாலும் சட்டென்று கையை அசைத்தால் பறவை பறந்துவிடும். செலவு செய்வதற்கு முன் அசையாமல் உட்காரப் பழகுங்கள்.