வேதாளருக்கு எத்தனை மரணம்?

சித்திரக்கதை உலகில் அதிகமுறை செத்த நாயகன் யார் என்று கேட்டால், சாகாதவன் என்று பெயரெடுத்த வேதாளரைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க நாளிதழ்களுக்காக லீ ஃபாக் 1936 இல் படைத்த இந்த முகமூடிக்காரருக்குக் கதைக்கணக்கில் இருபது மரணங்கள் ஆகிவிட்டன. இப்போது காட்டில் உலவுபவர் இருபத்தோராமவர். 1536 இல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்துக் கரையொதுங்கிய கிறிஸ்டோபர் வாக்கர், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மேல் சத்தியம் செய்கிறார். அன்றுமுதல் தந்தை கண்மூடினால் மகன் வருகிறான். அதே உடை, அதே மண்டையோட்டு மோதிரம், அதே குகை. சனங்களைப் பொறுத்தவரை நானூறு வருடமாக ஒரே ஆள். உண்மை தெரிந்தவர்கள் பந்தர் காட்டுவாசிகளும், கதையை வாசிக்கும் நாமும்தான்.

தமிழ் வாசகருக்கு இவர் புதியவர் அல்லர். 1972 இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸில் வேதாளராக வந்தார். பிறகு ராணி காமிக்ஸில் மாயாவியாக வந்தார். அந்தப் புத்தகங்கள் கடல் கடந்து இலங்கையில் நமது கிழக்குக் கரைக்கும் வந்து, அட்டை கிழியும்வரை கைமாறின. அவற்றை வாசித்து வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் சூப்பர்மேனின் சாவையும் ஸ்பைடர்மேனின் சாவையும் பார்த்தபோது, இந்த ஏற்பாடு தமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே என்று நினைத்திருக்கக்கூடும். உண்மையில் இரண்டும் ஒன்றல்ல. நாயகன் சாகிறான், இன்னொருவன் அவன் இடத்துக்கு வருகிறான் என்ற ஒரே கதைமுறைக்குள் நேரெதிரான இரண்டு நேர்மைகளும் இரண்டு பொய்களும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த முறை எங்கே வலுக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று சொல்ல முடியும்.

முதலில் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் வழி. 1992 நவம்பரில் டிசி நிறுவனம் சூப்பர்மேனைக் கொன்றது. டூம்ஸ்டே என்னும் அரக்கனோடு மோதி அவர் விழுந்த இதழை வாங்கக் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த வருடம் அவர் இடத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். அதே வருடம் சூப்பர்மேனும் உயிரோடு வந்துவிட்டார். 2007 இல் மார்வெல் நிறுவனம் கேப்டன் அமெரிக்காவைச் சுட்டு வீழ்த்தியது. அவருடைய கேடயம் பழைய தோழன் பக்கியின் கைக்குப் போனது. அந்தப் பக்கியே பல பத்தாண்டுகளாகச் செத்தவனாகக் கருதப்பட்டு, 2005 இல் மீட்டெடுக்கப்பட்டவன் என்பது இத்துறையின் நடப்பைச் சொல்லும். இரண்டு மூன்று வருடங்களுக்குள் கேப்டனும் திரும்பிவிட்டார். 2009 இல் பேட்மேன் புரூஸ் வேய்ன் இறந்ததாகக் கருதப்பட, முதல் ராபினாக இருந்த டிக் கிரேசன் அந்த முகமூடியை அணிந்தான். 2010 இல் புரூஸ் வந்துவிட்டார்.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு எல்லாமே வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்கினால், இந்த முறையால் கிடைத்த நல்ல கதைகளையும் சேர்த்து ஒதுக்கியவர்கள் ஆவோம்.

வாரிசு வந்தால்தான் ஒரு நாயகன் எதனால் ஆனவன் என்ற கேள்வி எழுகிறது. மூலநாயகன் இருக்கும்வரை அவனுடைய வலிமையும் கொள்கையும் ஆளும் ஒன்றாகக் கலந்தே கிடக்கின்றன. இன்னொருவன் அந்த உடைக்குள் நுழையும்போது அவை தனித்தனியாகத் தெரியத் தொடங்குகின்றன. சூப்பர்மேனின் இடத்துக்கு வந்த நால்வரில் தாங்களே சூப்பர்மேன் என்றோ அந்தப் பெயர் தமக்கே உரியது என்றோ நின்றவர்கள் உண்டு. ஜான் ஹென்றி அயன்ஸ் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சூப்பர்மேனால் உயிர் காப்பாற்றப்பட்ட அந்தக் கறுப்பினப் பொறியியலாளர், இரும்புக் கவசம் செய்து மாட்டிக்கொண்டு, போனவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார். பறக்கும் சக்தியோ வேற்றுக்கிரகப் பிறப்போ இல்லாத அவரிடம்தான் சூப்பர்மேனின் சாரம் இருந்தது. ஸ்டீல் என்ற பெயரில் அவருக்குத் தனித்தொடர் கிடைத்தது நியாயமே.

டிக் கிரேசனின் கதையும் அப்படித்தான். கிராண்ட் மோரிசன் எழுதிய அந்தத் தொடரில், புரூஸின் நிழலைத் தாங்கமுடியாமல் தவிக்கும் டிக்கிடம், இதை ஒரு நடிகன் பாத்திரம் ஏற்பதுபோல ஏற்றுக்கொள் என்கிறார் வீட்டின் மூத்த பணியாளர் ஆல்ஃபிரட். அதன்பின் வந்த பேட்மேன் சிரிக்கத் தெரிந்தவன். இறுகிய முகத்தோடு நிற்பவன் அவனுடைய ராபின்தான். எழுபது வருடப் பழைய பாத்திரத்துக்குள் இப்படி ஒரு காற்று புகுந்ததற்கு வாரிசுமுறையே காரணம்.

ஆல்ஃபிரட்டின் அறிவுரை நம்முடைய கரைக்காரருக்குப் புதுமையாகப் படாது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கக் கூத்து மரபில் பாத்திரம் என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஊர் பார்த்திருக்கக் கைமாறுவது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவருக்குரிய பாத்திரத்தைக் கையளிப்பார். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் பழக்கி அரங்கேற்றுவார்கள். போன தலைமுறையில் அருச்சுனன் ஆடியவரின் மகனோ மருமகனோ இன்று ஆடினால், களரியைச் சுற்றியிருப்பவர்களுக்கு முடிக்குள் இருப்பது யாருடைய பிள்ளை என்று தெரியும். அது தெரிவதால் அருச்சுனன் குறைந்துபோவதில்லை. தகப்பனின் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசுவதும் சுவையின் ஒரு பகுதியே. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் பாண்டவராக வருபவர்களைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

பதவிகளிலும் இதுவே முறை. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் போன்ற தேசத்துக் கோயில்களை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பும், அக்கரைப்பற்றுப் பக்கப் பள்ளிவாசல்களை நிர்வகிக்கும் மரைக்கார் பொறுப்பும் குடி வழியாக வருபவை. தாய்வழியில் குடி எண்ணப்படுவதால், தகப்பனிடமிருந்து மகனுக்கு என்பதைவிட மாமனிடமிருந்து மருமகனுக்கு என்பதே பழைய வழக்கு. ஆள் போவார், பொறுப்பு நிற்கும். அடுத்தவர் வந்ததை ஊர் அறியும்.

இந்த அளவுகோலை வைத்து வேதாளரிடம் திரும்பினால் அவருடைய பலமும் பழுதும் ஒருங்கே புலப்படும். பலம், அங்கே சாவு நிசமானது. இருபது பேரும் மண்டையோட்டுக் குகையின் கல்லறைகளில் கிடக்கிறார்கள். யாரும் எழுந்து வந்து மகனிடம் உடையைத் திருப்பிக் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தம் காலத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். தனக்கும் ஒரு கல்லறை காத்திருக்கிறது என்று தெரிந்தே இருபத்தோராமவர் வேலை செய்வதால் அவருடைய துணிச்சலுக்கு எடை இருக்கிறது. படைத்தவரின் விஷயத்திலும் இதுவே நடந்தது. 1999 இல் லீ ஃபாக் மறைந்தபின் டோனி டிபால் எழுத, தொடர் நிற்காமல் ஓடுகிறது.

பழுது, அந்தச் சாவு மறைக்கப்படுகிறது. சனங்கள் நம்புவது ஒரு சத்தியத்தை அல்ல, ஒரு சாகாத ஆளை. அவர்களுடைய பயமும் மரியாதையும் ஒரு பொய்யின்மேல் கட்டப்பட்டிருக்கின்றன. முன்னவருக்காக அவர்கள் அழவும் முடியாது, பின்னவரை அளந்து பார்க்கவும் முடியாது. அதற்குமேல், இருபத்தொரு தலைமுறையும் ஒரே வெள்ளைக்காரக் குடும்பம். காட்டைக் காப்பவர் ஐரோப்பிய வம்சம், காக்கப்படுபவர்கள் கறுப்பினத்தவர் என்ற ஏற்பாட்டை, 1930களின் காலனியச் சிந்தனை அன்றி வேறெதுவும் இவ்வளவு இயல்பாக எழுதியிராது. எல்லாம் தெரிந்த பந்தர் தலைவன் குரான்கூட அந்தப் பதவிக்கு ஆளாவதில்லை. வாக்கர் வீட்டுப் பெண்ணுக்கும் அது எளிதல்ல. பதினேழாம் வேதாளரால் இயங்க முடியாதபோது அவருடைய சகோதரி ஜூலி உடையை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார். எண்ணிக்கையில் அவர் சேர்க்கப்படவில்லை.

இந்தியாவில் 1964 இல் இந்த்ரஜால் காமிக்ஸ் வேதாளரைக் கொண்டு தொடங்கப்பட்டபோது, மூலத்தில் இந்தியச் சாயல் வந்த பெயர்களை மாற்றினார்கள். காட்டு நாடு தெங்காலி ஆனது. சிங் கொள்ளையர் சிங்கா கொள்ளையர் ஆனார்கள். நம்மைச் சுடும் பெயரை மாற்றினோம், மற்றவர்களைச் சுடும் அமைப்பை அப்படியே வாசித்து ரசித்தோம். இதில் தமிழ் வாசகர்களாகிய நமக்கும் பங்குண்டு.

அமெரிக்கப் பெருநிறுவனங்களின் பலமும் பழுதும் இதற்கு மறுதலை. அங்கே வாரிசு பகிரங்கமானவர். உள்ளே இருப்பவர் வேறு ஆள் என்று கதையுலகில் பலருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அந்த வெளிப்படைதான் ஸ்டீலையும் டிக் கிரேசனையும் தந்தது. ஆனால் சாவு பொய். நாயகன் ஒரு நிறுவனத்தின் சொத்து. திரைப்படம், பொம்மை, சட்டை என்று அவன் முகத்தில் ஓடும் வணிகம் கல்லறையில் முடிய முடியாது. ஆகவே வாரிசு ஆள்பவராக அல்ல, இடத்தைப் பிடித்துவைப்பவராக நியமிக்கப்படுகிறார். வாசகர் இதைப் புரிந்துகொண்டபின் இரண்டு இழப்புகள். முன்னவரின் சாவில் துக்கம் இல்லை, பின்னவரின் வெற்றியில் நம்பிக்கை இல்லை.

இதற்கு விதிவிலக்காக நின்ற ஒருவரையும் இந்த முறை விட்டுவைக்கவில்லை. 1985 இல் டிசியின் அதிவேக நாயகன் ஃபிளாஷ், அதாவது பாரி ஆலன், உலகைக் காக்க உயிர்விட்டார். அவருடைய மனைவியின் மருமகன் வாலி வெஸ்ட் அந்தப் பெயரை ஏற்று இருபது வருடங்களுக்குமேல் ஓடினான். தயக்கம், பொறாமை, மாமனைப்போல ஆகமுடியாத வெட்கம் எல்லாவற்றையும் கடந்து அவன் தானாகவே ஒரு ஃபிளாஷ் ஆனதை ஒரு தலைமுறை வாசகர்கள் கூட வளர்ந்து பார்த்தார்கள். 2008 இல் பாரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது பின்னுக்குத் தள்ளப்பட்டது வாலி மட்டுமல்ல, அந்த வாசகர்களின் இருபது வருடமும்தான்.

செத்தாரா இல்லையா என்று தெரியாமல் வைத்திருப்பதைச் சித்திரக்கதை ஒரு சுவையாகப் பரிமாறுகிறது. அந்தச் சுவையைத் திருக்கோவிலில் இருந்து வாசிப்பவர் அப்படியே விழுங்குவது கடினம். 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோன எத்தனையோ பேரின் உடல் இந்தக் கரையில் கிடைக்கவேயில்லை. போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர்கள் படங்களை ஏந்தி இங்கேயும் வீதியில் நின்றிருக்கிறார்கள். இறப்புச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்காக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழை வழங்க 2016 இல் இலங்கையில் சட்டம் திருத்தப்பட்டது. இறந்ததாகக் கருதப்படுபவரின் இடத்தில் இன்னொருவர் நிற்பது என்றால் என்னவென்று அந்த வீடுகளில் கேட்க வேண்டும். குடும்பப் பொறுப்பைத் தலையில் ஏற்றிய மூத்த பிள்ளை, திரும்பி வரக்கூடிய ஒருவரின் கதிரையில் இருக்கிறது. நிரப்பினால் துரோகம், நிரப்பாவிட்டால் பட்டினி. சூப்பர்மேனின் நான்கு வாரிசுகளின் கதையில் இந்த இழுபறியின் நிழல்கூட இல்லை. எழுதியவர்களுக்கு அவர் வரும் தேதி தெரிந்திருந்ததே காரணம்.

அப்படியானால் இந்த முறையைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2011 இல் மார்வெலின் ஒரு கிளைத்தொடரில் பீட்டர் பார்க்கர் இறந்தபின், கறுப்பினத் தந்தைக்கும் புவேர்ட்டோ ரிக்கோத் தாய்க்கும் பிறந்த மைல்ஸ் மொராலஸ் ஸ்பைடர்மேன் ஆனான். 2014 இல் பீட்டரைத் திரும்பக் காட்டும் சபலத்தை அவர்களால் அடக்க முடியவில்லை. ஆனால் வந்தவர் பெயரைப் பறிக்கவில்லை. மைல்ஸ் நிலைத்தான். அவனை நாயகனாகக் கொண்ட 2018 ஆம் ஆண்டுத் திரைப்படம் ஆஸ்கர் பெற்றது. சாவே தேவையில்லை என்று காட்டியவள் கமலா கான். கரோல் டான்வர்ஸ் கேப்டன் மார்வெல் என்ற பெயருக்கு உயர்ந்தபின், அவர் விட்ட மிஸ் மார்வெல் என்ற பெயரை 2014 இல் நியூஜெர்சியின் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பெண்பிள்ளை எடுத்துக்கொண்டாள். தொடக்கத்தில் அவள் கரோலைப்போலவே பொன்னிறக் கூந்தலோடு உருமாறுகிறாள். பிறகு அதை உதறிவிட்டுத் தன் முகத்தோடு நிற்கிறாள். கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ உள்ள ஒரு பிள்ளை அந்தக் கதையை வாசித்தால், வாரிசு என்பது முன்னவரின் நகல் அல்ல என்பதைப் பெரிய விளக்கம் இல்லாமலே பிடித்துக்கொள்ளும்.

முன்னவரின் விலகல் நிசமாக இருக்க வேண்டும், பின்னவரின் வருகை பகிரங்கமாக இருக்க வேண்டும். வேதாளரிடம் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. பெருநிறுவனங்களிடம் இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை. இரண்டும் சேர்ந்த இடங்களில் இந்த முறை, எந்த மூலநாயகனாலும் தனியே சொல்லமுடியாத ஒன்றைச் சொல்கிறது: காவல் என்பது பிறவிக்கொடை அல்ல, யாரும் பழகி ஏற்கக்கூடிய வேலை. வேதாளர் கதையை இனி எழுதுபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். அவருடைய இரட்டைப் பிள்ளைகளில் ஹெலோயிஸ் என்றொரு மகள் இருக்கிறாள். குரானின் இனத்திலும் பிள்ளைகள் இருப்பார்கள். இருபத்திரண்டாமவர் யார் என்பதைக் காட்டுச் சனங்களுக்கும் சொல்லி, அவர்கள் முன்னிலையில் சத்தியம் செய்ய வைத்தால், அந்த உடை முதன்முறையாக ஒரு குடும்பச் சொத்தாக இல்லாமல் பொதுப் பொறுப்பாக மாறும். சாகாதவன் என்ற பெயர் போய்விடும். அது போவதால் கதைக்கு நட்டமில்லை.