படகை யாருக்குக் கொடுத்தாள்?

“இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?”

எளிய கேள்வி, இனிய கேள்வி. இதைக் கேட்பதற்கென்றே ஞாயிறுதோறும் கூடும் நண்பர் வட்டங்கள் இன்று தென்சென்னையில் உண்டு. மயிலாப்பூரில் ஒரு மாடியறை. தியாகராயநகரில் ஒரு பூங்காவின் மரநிழல். அடையாற்றில் ஒரு காப்பிக்கடையின் கோடி மேசை. வட்டமாக அமர்வர். முறைவைத்துப் பேசுவர். கையிலுள்ள நூலைத் தூக்கிக் காட்டி, பெயரைச் சொல்லி, எழுதியவரைச் சொல்லி, “அருமை” என்று முடிப்பர். மற்றவர் தலையசைப்பர். அடுத்தவர் தொடங்குவார். இருபது பேர் கூடினால் இருபது நூற்பெயர், இருபது “அருமை”. பிறகு காப்பி வரும், காப்பிக் குவளைக்குப் பக்கத்தில் நூலைச் சாய்த்துவைத்துப் படமும் எடுத்துக்கொள்வர், கலைவர்.

இத்தகைய வட்டமொன்றில் ஓராண்டாக நாமும் அமர்ந்து வருகிறோம். ஆதலின், வெளியே நின்று கல்லெறிகிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. முதற்குற்றம் நம்முடையதே. வட்டத்தில் சேர்ந்த மூன்றாம் கிழமை, உருசிய நாவல் ஒன்றின் பெயரைச் சொன்னோம். “உள்ளத்தைப் பிழிந்துவிட்டது” என்றும் சொன்னோம். பிழிந்தவை முதல் நாற்பது பக்கங்களே. அதற்கு அப்பால் நாம் புரட்டவில்லை. எவரேனும் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே அகப்பட்டிருப்போம். எவரும் கேட்கவில்லை. தப்பினோம். தப்பியதுதான் வீடு திரும்பும் வழியெல்லாம் நம்மை உறுத்திற்று.

நன்னூல் செய்த பவணந்தியார் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கணக்கு அது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு அமைதியாகக் கேட்டு உள்ளத்தில் கொண்டாலும், மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகி இன்னொரு காற்பங்கு பெறுவான். எஞ்சிய இரண்டு காலும், அதாவது சரிபாதி, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். கல்லூரியில் இதைத் தேர்வுக்காக நெட்டுருப் போட்டோம், மதிப்பெண்ணும் பெற்றோம். கரும்பலகையின் முன் நின்று நாற்பது பிள்ளைகளின் கண்களைப் பார்த்த பிறகல்லவா அக்கணக்கின் பொருள் விளங்கிற்று!

அப்படியானால், படித்ததைக் கூடிப் பேசுதல் பொழுதுபோக்கன்று; படிப்பின் பாதி அது. அந்தப் பாதியை நம் வட்டங்கள் என்ன செய்கின்றன? நூலின் பெயரை ஒப்புவித்தால் எடுத்துரைத்ததாகுமா? தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெரிவிக்கப்பட்டு அரங்கேறியதாகப் பாயிரம் கூறும். ஆசான் தலையசைத்துவிட்டு “அருமை, அடுத்தவர் வருக” என்றிருந்தால் அதற்கு அவை எதற்கு?

படிப்பது அவரவர் இன்பம்; அதற்கும் தேர்வு வைப்பதா என்று நண்பர் சிலர் சினக்கக்கூடும். தனியே படிப்பவரை நாம் தேடிப்போய்க் கேள்வி கேட்கவில்லை. பெங்களூரின் கப்பன் பூங்காவில் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சிலர் கூடி, பேச்சின்றி ஆளுக்கொரு நூலைப் படிக்கத் தொடங்கினர். அவ்வழக்கம் பல நகரங்களுக்குப் பரவிற்று. அது நல்ல வழக்கம். அங்கே எவரும் கருத்துரைப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. கருத்துச் சொல்லவென்றே வந்து அமர்ந்துவிட்டுக் கருத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருபவரைப் பற்றியதே நம் வழக்கு.

நம் வட்டத்தில் மிகுதியாக உயர்த்திக் காட்டப்பெறும் நூல் ‘பொன்னியின் செல்வன்’. வியப்பில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் கிழமைதோறும் வெளிவந்தபோதே தமிழ்நாட்டைக் காத்திருக்க வைத்த கதை. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாயின. அதன்பின் பதிப்பகம்தோறும் அச்சிட்டனர். சென்னைப் புத்தகக் காட்சியில் அதன் ஐந்து பாகக் கட்டு இல்லாத கடைவரிசை அரிது. 2022-இலும் 2023-இலும் திரைப்படமாக வந்து புதிய வாசகரையும் கொணர்ந்தது. எனவே எவரும் அதைப் படிப்பதில் குறையில்லை. வட்டத்தில் அதைப் பற்றி நாம் கேட்டதெல்லாம் எண்ணிக்கையே என்பதுதான் குறை. “நான் மூன்று முறை.” “நான் ஐந்து.” “நான் ஒன்பது முறை படித்தேன்” என்றார் ஒரு பெரியவர். ஏலம் அத்தோடு முடிந்தது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். எட்டாம் வகுப்பு. மழையால் விளையாட்டு நேரம் கெட்ட நாள்களில் அக்கதையைக் கொஞ்சம் சொல்லியும் கொஞ்சம் படித்தும் நகர்த்திக்கொண்டு வந்தோம். கோடிக்கரையில் கலங்கரை விளக்கம் காக்கும் தியாகவிடங்கரின் மகள் பூங்குழலி. வந்தியத்தேவனைப் படகேற்றி இலங்கைப் பக்கம் கொண்டு சேர்ப்பவள் அவளே. கதை முடிவில், பூத்தொடுத்துத் திரிந்த சேந்தன்அமுதன் சோழ அரசுக்கு உரியவன் என்று வெளியாகிறது, உத்தமசோழனாக முடிசூடுகிறான், அவனை மணந்த பூங்குழலி அரசியாகிறாள். மகிழ்ச்சியோடு முடித்தோம். பிள்ளைகள் கைதட்டினர். அடையாறு கடலில் கலக்கும் முகத்தருகேயுள்ள குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள்.

“சார், அவ ராணியாயிட்டா. அந்தப் படகை யாருக்குக் கொடுத்தா?”

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை.

அவள் வீட்டில் படகு என்பது அழகுப்பொருளன்று. அது கடன், அது பங்கு. பிடித்து வந்த மீனை விற்றுப் பகிரும்போது ஆளுக்குப் பங்கு உண்டு; வலைக்கும் பங்கு உண்டு; படகுக்கும் பங்கு உண்டு. படகு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது அந்த வீட்டுக்கு முடிசூட்டு விழாவைவிடப் பெரிய செய்தி. அவள் கேட்டது கதையின் ஓட்டையை அடைக்கும் குறும்புக் கேள்வியன்று, திறனாய்வு. துடுப்புப் பிடிக்கும் பெண்ணைக் கதைக்குள் கொணர்ந்து, கடலையும் காற்றையும் அவள் வாயால் பேசவைத்த கல்கியின் கை பெரிது. அதை மறுப்பார் இலர். ஆனால் அத்தொழில் கதைக்கு எதுவரை தேவைப்பட்டது? பிறரைக் கரை சேர்க்கும்வரை. அவளுக்குப் பரிசளிக்க எண்ணியபோது ஆசிரியருக்குத் தோன்றியது அரியணை. படகுக்காரி படகுக்காரியாகவே உயர்வது எவ்வாறு என்ற கேள்வி, அவ்வளவு பெரிய கதையின் ஓரத்தில் கட்டிப்போட்ட ஓடம்போல ஆடிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டவள் பதின்மூன்று வயதுச் சிறுமி.

அடுத்த ஞாயிறு அக்கேள்வியை அப்படியே வட்டத்தின் நடுவில் வைத்தோம். ஒன்பது முறை படித்த பெரியவர் அன்போடுதான் சிரித்தார். “சின்னப் பிள்ளைதானே! கதையைக் கதையாகப் பார்க்க இன்னும் தெரியவில்லை” என்றார். வட்டமும் சிரித்தது. அடுத்தவர் தம் நூலைத் தூக்கிக் காட்டினார். அருமை!

ஒன்பது முறை படித்தவர் ஒருமுறையும் கேளாததை, ஒருமுறை செவியால் கேட்டவள் கேட்டுவிட்டாள் என்பதை அங்கே எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

செவியால் கேட்டவர்களின் வரலாறு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. அதற்கும் முன்பே, 1925-இல் ‘குடி அரசு’ம் 1942-இல் ‘திராவிட நாடு’ம் தோன்றின. ஐந்தில் ஒருவருக்காகவா அவை அச்சாயின? தேநீர்க் கடையின் வாங்குப் பலகையிலும், முடிதிருத்தும் நிலையத்தின் நாற்காலியிலும், ஓலைக்கூரைப் படிப்பகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்து கேட்டனர். “நிறுத்து, அந்த வரியைத் திரும்பப் படி” என்று சொல்லும் உரிமை, ஏட்டைக் கையில் பிடிக்கத் தெரியாதவருக்கும் இருந்தது. கேட்டவர் ஐயுற்றார், படித்தவர் விளக்க முயன்று தாமே புரிந்துகொண்டார். பவணந்தியாரின் சரிபாதி அவ்வாறு பலருக்குக் கிட்டிற்று.

கடல்கடந்த கியூபாவிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. 1865-இல் அவானா நகரின் சுருட்டுத் தொழிற்சாலையில், புகையிலை சுற்றும் தொழிலாளர்க்கு ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் படித்துக் காட்டும் வழக்கம் தொடங்கிற்று. படிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். மறு ஆண்டே அரசு தடை விதித்தது. சுருட்டுச் சுற்றுபவன் கதை கேட்டால் அரசுக்கு என்ன கேடு? அரசுக்குத் தெரிந்திருக்கிறது, கேட்பவன் கேட்பதோடு நிற்கமாட்டான் என்று. தடை நீங்கி வழக்கம் தழைத்தது. தூமாவின் மாண்டி கிறிஸ்டோ கதையைத் தொழிலாளர் விரும்பிக் கேட்டதால் அப்பெயரே ஒரு சுருட்டுக்கும் சூட்டப்பெற்றது.

நம் படிப்பகங்களைப் பொற்காலமாகப் பாட நாம் வரவில்லை. அங்கே பெண்கள் அரியர். வாங்குப் பலகையில் அவர்களுக்கு இடமில்லை. தம் தலைவரின் ஏட்டை மறுத்துப் பேசுவதும் எளிதாக இருந்திராது. மாற்றார் நூலைக் கிழிக்கும் கூர்மை, தம்மவர் நூலிடத்து மழுங்கிப்போவது எந்த இயக்கத்துக்கும் உள்ள நோய். அக்குறைகளைச் சொல்லவும் அஞ்ச வேண்டியதில்லை.

வாசகர் என்ற பெயரையே தாங்கி எழுந்த முயற்சியும் இந்நகரில் உண்டு. 1965-இல் தியாகராயநகரில் இலட்சுமி கிருஷ்ணமூர்த்தி ‘வாசகர் வட்டம்’ என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கிருந்து வந்த தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ கடுங்கண்டனத்துக்கும் பெரும்பாராட்டுக்கும் ஆளாயிற்று. கண்டித்தவரில் பலர் பக்கச்சார்போடு கண்டித்திருக்கலாம். ஆயினும் ஒரு நூல் தம்மை என்ன செய்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. சினமும் ஒருவகை வாசிப்பே. தலையசைப்பில் அதுவும் இல்லை.

‘வீட்டிற்கோர் புத்தகசாலை’ வேண்டும் என்று அண்ணா 1948-இல் வானொலியில் பேசினார். மயிலையிலும் அடையாற்றிலும் இன்று பல வீடுகளில் புத்தகசாலை இருக்கிறது. கண்ணாடிக் கதவும் இருக்கிறது. அந்த வீடுகளில் பாத்திரம் துலக்க வருகிறவள் அக்கதவைத் துடைக்கிறாள், திறப்பதில்லை. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் எவரும் தம் சொந்த நூலைக் கொண்டுசென்று படிக்கத் தனிப்பகுதியே உண்டு. வாயிலில் எவரும் காப்பி விலை கேட்பதில்லை. நம் வட்டம் கூடும் இடத்தில் ஒரு குவளைக் காப்பியின் விலைக்குச் சிறு நூலொன்று வாங்கிவிடலாம். வட்டத்தை நூலகத்துக்கோ கடற்கரை மணலுக்கோ மாற்றலாம் என்றோம். “அங்கே வசதிப்படாது” என்றனர். யாருக்கு வசதி என்று கேட்டோம். அது மட்டும் அன்று சற்றே சூடான உரையாடலாயிற்று, ஓராண்டில் முதன்முறை!

அம்மாணவியை ஒருநாள் வட்டத்துக்கு அழைத்து வரவும் எண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை காலை மீன் விற்கும் நேரம்; அம்மாவுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்றாள். அதில் நாம் வற்புறுத்த ஒன்றுமில்லை. பள்ளி நூலகத்திலிருந்து முதற்பாகத்தை எடுத்துக் கொடுத்தோம். இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறாள். இரவில் தாத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறாளாம்; பக்கத்து வீட்டார் இருவரும் வந்து அமர்கிறார்களாம். இராமுழுதும் ஒருத்தியே துடுப்புத் தள்ளி அக்கரை போவது நடவாத செயல் என்பது தாத்தாவின் கட்சி. காற்று வாகாக இருந்தால் நடக்கும் என்பது அவள் கட்சி. இரண்டு நாளாக வழக்கு நடக்கிறது. தாத்தா விட்டுக்கொடுக்காததால் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடியவில்லை என்று நேற்று நம்மிடம் முறையிட்டாள்.