பொரிப்பகத்தின் இரவு விளக்கும் மீன் குஞ்சின் மூளையும்

கடல் அலங்கார மீன் பொரிப்பகங்களில் குஞ்சுத் தொட்டிகளுக்கு மேல் இரவிலும் விளக்கை எரியவிடுவது பரவலான வழக்கம். கோமாளி மீன் குஞ்சு கண்ணால் கண்டே இரை பிடிக்கிறது; இருட்டில் ரோட்டிஃபர் என்ற நுண்ணிரையை அதனால் பிடிக்க முடியாது. முதல் சில நாள்களில் பட்டினி கிடந்தால் பிழைக்காது. ஆகவே வெளிச்சம் நீண்டால் தீனி நேரமும் நீள்கிறது. மண்டபத்திலும் போர்ட் பிளேரிலும் ஆய்வு நிறுவனங்கள் கோமாளி மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையை வளர்த்தெடுத்ததால் பவளத் திட்டுகளிலிருந்து மீன் பிடிக்கும் தேவை குறைய வழி பிறந்தது. இந்தப் பயன் சிறியதன்று.

இரவு விளக்கின் குறையோ முட்டையிலிருந்தே தொடங்குகிறது. கோமாளி மீன் முட்டை இருட்டிய பிறகே பொரிக்கும். 2019இல் எமிலி ஃபோபெர்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இரவு விளக்கொளி பட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பெற்றோர் மீன்கள் வழக்கம்போல் முட்டையிட்டன, முட்டைகள் கருவுறவும் செய்தன. பொரிப்பு மட்டும் நின்றது. விளக்கை அகற்றியதும் முட்டைகள் பொரித்தன.

இது உடனே கண்ணில் படும் இழப்பு. மூளையில் நேரும் மாற்றம் அப்படித் தெரிவதில்லை. முதுகெலும்புள்ள விலங்குகளின் மூளை இடமும் வலமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வரிக்குதிரை மீனின் ஹபெனுலா என்ற பகுதி இருபுறமும் வேறுபட்டு அமைகிறது. எந்தப் பக்கம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மரபணுக்களே. ஆனால் அங்கே நரம்பணுக்கள் முதிரும் காலத்தை ஒளியும் மெலடோனின் என்ற ஹார்மோனும் ஒழுங்குபடுத்துவதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ரிச்சர்ட் ஆண்ட்ரூ உள்ளிட்டோர் 2009இல், கருப் பருவத்து ஒளி வரிக்குதிரை மீனிலும் கோழிக் குஞ்சிலும் பக்கச் சார்பை, அதாவது ஒரு வேலைக்கு ஒரு பக்கத்தையே மிகுதியாகப் பயன்படுத்தும் போக்கை, மாற்றுவதாக எழுதினர். குட்டி ஈனும் கிரார்டினஸ் என்ற மீனில் இன்னும் தெளிவான சான்று உண்டு: சினைக்காலத்தில் நல்ல வெளிச்சத்தில் இருந்த தாயின் குட்டிகள் பக்கச் சார்பு காட்டின; மங்கிய ஒளியில் இருந்தவற்றின் குட்டிகள் காட்டவில்லை. அதே இனத்தில், பக்கச் சார்புள்ள மீன்கள் எதிரியைக் கண்காணித்துக்கொண்டே இரையை விரைவாகப் பிடித்ததும் பதிவாகியுள்ளது.

இச்சான்றுகள் ஒளியின் பக்கமே சாய்வதுபோல் தோன்றும். ஆனால் அவை பெரும்பாலும் ஒப்பிட்டவை இருளையோ மங்கிய ஒளியையோ வெளிச்சத்துடன். பகலையும் ஓயாத வெளிச்சத்தையும் அல்ல. நன்னீர் மீனின் முடிவைக் கோமாளி மீனின் மேல் அப்படியே ஏற்றுவதும் தவறு. விடை அளந்து பார்த்தால்தான் தெரியும்; பொரிப்பக முறையின் பெருங்குறை, எடையையும் பிழைப்பு விகிதத்தையும் அளந்து நடத்தையை அளக்காமல் விடுவதுதான்.

அந்தமானில் குஞ்சின் நடத்தை பற்றிய இக்கேள்வி கூடுதல் கனம் பெறுகிறது. போர்ட் பிளேருக்கு அருகிலுள்ள சிப்பிகாட்டில் 2004 சுனாமியுடன் நிலம் தாழ்ந்து விளைநிலங்களில் உப்புநீர் புகுந்தது. அத்தகைய நீர்நிலைகளில் மீன் வளர்க்க நினைப்பவர் பொரிப்பகக் குஞ்சுகளையே நாட வேண்டியிருக்கும். அலங்காரத் தொட்டிக்குப் போகும் மீனுக்கு எதிரி இல்லை. திறந்த உப்பங்கழியில் கொக்கும் பெரிய மீனும் உண்டு. சுமார் 11.6 பாகை வடக்கிலுள்ள இத்தீவில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. 24 மணி நேர விளக்கு இங்குள்ள எந்த மீனும் இயற்கையில் காணாத ஒன்று. முட்டைக்கு இருளும், இரை பழகும் முதல் நாள்களுக்கு மட்டும் நீட்டித்த ஒளியும், பின்னர் தீவின் பகலளவும் என்று பிரித்துக் கொடுத்து, விடுவிக்கும் முன் எதிரியைக் கண்டால் குஞ்சு எந்தக் கண்ணால் பார்க்கிறது, எவ்வளவு விரைவில் விலகுகிறது என்பதையும் சோதிப்பதே பொருத்தமான முறை.