எந்த மொழி சிறந்த மொழி?

"கணிப்பொறி மொழிகளில் எது சார் சிறந்தது?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 2018 முதல் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். தமிழிலேயே இவற்றைக் கற்க முடிவது பெரும் பேறுதான். ஆனால் வரிசையாகக் கற்ற மாணவன், பின்னால் வந்ததே உயர்ந்தது என்று எண்ணிவிடுகிறான். மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாம், வேலைக்கேற்ற மொழியைத் தேர்ந்தெடுக்கக் கற்பிப்பதில்லை. குறை நம்முடையதே.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை இருப்பதாகக் கொள்வோம். கன்வேயரில் பாகங்கள் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வருகின்றன. பழுதான பாகத்தை ஒரு தண்டு வெளியே தள்ள வேண்டும். கட்டளை 10 மில்லிவினாடி தாமதித்தால் பாகம் 5 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். 100 மில்லிவினாடி என்றால் 5 சென்டிமீட்டர். நல்ல பாகம் குப்பைக்குப் போகும்! சாதாரணக் கணிப்பொறியில் ஓடும் பைத்தான் நிரல் பெரும்பாலும் விரைவாகவே விடை தரும். இங்கே 'பெரும்பாலும்' போதாது.

ஆகவே இவ்வேலையைப் பி.எல்.சி. என்னும் கருவியிடம் விடுகிறார்கள். உள்ளீடுகளைப் படிப்பது, நிரலை மேலிருந்து கீழாக நிறைவேற்றுவது, வெளியீடுகளை மாற்றுவது. இச்சுற்றைச் சில மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை அது ஓயாமல் செய்கிறது. சுற்று வரம்பு மீறி நீண்டால் பிழை காட்டி நின்றுவிடும்.

அதற்கு எழுதும் மொழி பெரும்பாலும் லேடர், அதாவது ஏணிப்படம். 1960களின் இறுதியில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் ரிலேக்களுக்கு மாற்றாக இக்கருவி வந்தபோது, எலெக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமான ரிலே சுற்றுப்படமே மொழியாயிற்று. எவ்வளவு புத்திசாலித்தனம், பாருங்கள்! நள்ளிரவு இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றால், ஓடி வருபவர் நிரலை எழுதிய பொறியாளர் அல்லர், ஷிப்டு எலெக்ட்ரீஷியன். எந்தத் தொடர்பு மூடவில்லை என்பதை அவர் திரையிலேயே கண்டுகொள்வார்.

லேடரில் நீண்ட சூத்திரம் எழுதுவது தலைவலி. அதனால்தான் 1993இல் வெளியான பன்னாட்டுத் தரமுறை, ஏணிப்படத்தோடு சொற்களால் எழுதும் மொழிகளையும் ஏற்றது. அதே தொழிற்சாலையில் ஒரு மாதப் பழுதுக் கணக்கை அலசவோ, பைத்தானே பொருத்தம்.

தேர்வில் இப்படி ஒரு வினா கேட்டால் என்ன? 'பால் சங்கத்தின் கணக்கு ஒன்று. லிஃப்டின் கதவு மற்றொன்று. எதற்கு எம்மொழி? ஏன்? பழுதானால் சரி செய்பவர் யார்?'