தடுப்பூசிக்கும் அச்சத்துக்கும் நடுவே: நாய்க்குட்டி வகுப்புகள் பற்றி

புதிதாக நாய்க்குட்டி வாங்கியவர் இரண்டு அறிவுரைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். "ஊசி எல்லாம் போட்டு முடியும்வரை வெளியே விடாதீர்கள்" என்கிறார் டாக்டர். "இப்போதே நாலு பேரோடு பழகவிடுங்கள், குட்டிகள் வகுப்பில் சேருங்கள்" என்கிறார் பயிற்சியாளர். இரண்டும் குட்டியின் நலனுக்காகச் சொல்லப்படுபவைதாம். அதனால்தான் வகுப்பு உண்மையில் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வகுப்புக்கான வாதத்தின் வேர் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஊரில், ஜாக்சன் ஆய்வகத்தில் இருக்கிறது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் அங்கே ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து ஆராய்ந்து, 1965இல் நூலாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம்வரை குட்டி புதிய மனிதரையும் புதிய பொருளையும் எளிதில் ஏற்கிறது. அதன்பின் ஆர்வத்தை அச்சம் முந்திவிடுகிறது. 1961இல் ஃப்ரீட்மனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனை இதை இன்னும் அழுத்தமாகக் காட்டியது. வேலியிட்ட வெளியில் மனிதர் கை படாமல் 14 வாரம்வரை வளர்ந்த குட்டிகள், பிறகு எவ்வளவு முயன்றும் மனிதரோடு இயல்பாகப் பழகவில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16ஆம் வாரம்வரை தொடர்கின்றன. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் தடுப்பூசியின் வேலையைத் தடுப்பதால் அதைச் சுருக்கவும் முடியாது. ஊசி முடியும்போது பழகும் காலம் கடந்துபோயிருக்கும். இந்த இரண்டையும் எடைபோட்ட அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் விலங்கு நடத்தையியல் சங்கம், 2008இல் தெளிவாகச் சொன்னது: முதல் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் முடிந்து 7 நாள் ஆனதும், 7 அல்லது 8 வாரக் குட்டியை வகுப்பில் சேர்க்கலாம். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலும், தடுப்பூசி போட்டு வகுப்புக்குச் சென்ற குட்டிகளில் எதற்கும் பார்வோ வரவில்லை. ஆனால் அவற்றின் எண்ணிக்கை ஐம்பதுக்கும் குறைவு. தெருவெங்கும் தடுப்பூசி காணாத நாய்கள் திரியும் நம் ஊர்களுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது பொறுப்பாகாது. தரையை நோய்க்கொல்லி போட்டுத் துடைத்த, ஊசி அட்டையைப் பார்த்தே உள்ளே விடும் அறை இங்கே கட்டாயத் தேவை.

குட்டிகளைக் கயிறில்லாமல் ஓடவிட்டுப் பழக்கும் வகுப்பை 1980களில் கலிபோர்னியாவில் பரப்பியவர் இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர். ஆறு மாதம் ஆன நாயின் கழுத்துச் சங்கிலியைச் சுண்டிச் சுண்டிக் கீழ்ப்படிய வைத்த காலத்தில், தீனி கொடுத்துக் குட்டியிலேயே தொடங்கலாம் என்று காட்டியது பெரிய மாற்றம். நாயைவிட அதை வளர்ப்பவருக்கே அங்கே பாடம் அதிகம். குட்டி காதை மடக்குவதும் வாலை ஒடுக்குவதும் எதைச் சொல்கின்றன என்று அவர் படிக்கப் பழகுகிறார்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. 1999இல் வெளியான, செக்சல் என்பவரின் ஆய்வில் வகுப்புக்குப் போன குட்டிகள் கட்டளைக்கு நன்றாகக் கட்டுப்பட்டன. புதியவர்களிடமும் புதிய சூழலிலும் நடந்துகொண்ட விதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. "உட்கார்" என்றால் உட்காரும் குட்டி, பட்டாசுச் சத்தத்துக்கு அஞ்சாத குட்டியாகிவிடாது. வாரம் ஒரு மணி நேரத்தில் குக்கர் விசில், ஆட்டோ, மழைக்கோட்டு, ஓடிவரும் குழந்தை எல்லாம் அறிமுகமாகிவிடுவதில்லை. முரட்டுக் குட்டியையும் கூச்சக் குட்டியையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டால் கூச்சமுள்ளது அச்சத்தையே பாடமாகக் கற்றுக்கொள்ளும். அந்த வயதில் பதிந்த அச்சம் எளிதில் அழியாது.

வகுப்பால் எளிதில் ஈடுசெய்ய முடியாத ஓர் இழப்பும் உண்டு. கடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. அதை மீறி கண் திறந்த சில நாளிலேயே குட்டியைப் பிரித்து விற்பவர், அதன் முதல் பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிறார்.

"எல்லாரிடமும் பழகினால் காவல் காக்காது" என்ற எண்ணம் ராஜபாளையம், கோம்பை இன நாய்களை வளர்ப்பவர்களிடம் இன்றும் இருக்கிறது. அச்சத்தில் கடிக்கும் நாய்க்குத் திருடனும் பால்காரரும் ஒன்றுதான். எது வழக்கமானது என்று அறிந்த நாயால்தான் வழக்கத்துக்கு மாறானதை இனங்காண முடியும்.

ஆகவே என் முடிவு இது. சான்று வலுவாக நிற்பது அந்த வயதின் அருமைக்கு. வகுப்பு அதற்கு உதவும் பல வழிகளில் ஒன்று. வகுப்பு கிடைக்காத ஊரில் குட்டியைத் தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டலாம். ஊசி போட்ட, சாதுவான நாயை வீட்டுக்கு அழைக்கலாம். வகுப்பு கிடைத்தால், சேர்க்குமுன் ஒரு நாள் வெறுமனே போய்ப் பாருங்கள். மூலையில் ஒதுங்கும் குட்டியைப் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அதைக் கூட்டத்துக்குள் இழுத்தால் அந்த இடம் வேண்டாம். அது தானாக வரும்வரை காத்திருந்தால், அடுத்த வாரமே சேர்த்துவிடுங்கள்.