பதினெட்டு வாரப் பயிற்சி போதுமா?

கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி கடலூரில் இல்லை. 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் 2021இல் அந்தப் பொறுப்பை ஏற்றது. அது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையோ நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால், கடலூரில். மேற்கு எல்லையிலுள்ள திட்டக்குடிக்கு இரண்டுமே தூரம். அங்கே நள்ளிரவில் அவசர சிசேரியன் என்றால், மயக்க டாக்டர் இல்லாமல் கத்தியைத் தொட முடியாது.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, மயக்கவியல் எம்.டி. மூன்று ஆண்டு. இரண்டாண்டு டி.ஏ. பட்டய இடங்களும் பெரும்பாலும் எம்.டி.யாக மாறிவிட்டன. அதுவரை பிரசவம் காத்திருக்காது. அதனால்தான் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வார உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சியை மத்திய அரசு கொண்டுவந்தது. அவசர மகப்பேறுக்கு மட்டும் என்று அதன் எல்லையைத் தெளிவாக வரைந்ததை நான் மதிக்கிறேன். பெரும்பாலான சிசேரியனுக்கு முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி போதும்; அதை இந்தக் காலத்துக்குள் நன்றாகவே கற்கலாம்.

ஆனால் எல்லாத் தாய்க்கும் ஸ்பைனல் ஆகாது. ரத்தம் கொட்டி அழுத்தம் சரிந்தவருக்கும், வலிப்பு வந்து நினைவிழந்தவருக்கும் முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் செருக வேண்டும். கர்ப்பிணியின் தொண்டை வீங்கியிருக்கும். மூச்சு நின்றால் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். மிக அனுபவசாலிக்கே கை நடுங்கும் அந்தக் கட்டம், மிகக் குறைந்த பயிற்சி பெற்றவரிடம் வந்து சேர்கிறது. திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

பக்கத்தில் நிற்கும் மயக்கவியல் டெக்னீஷியனால் அதை அடைக்க முடியாது. பி.எஸ்சி. படித்த அவர் இயந்திரத்தைச் சோதிப்பார், மருந்தை எடுத்துவைப்பார், மானிட்டரைக் கவனிப்பார். தானாக மயக்கம் கொடுக்க அவருக்கு உரிமையில்லை, இருக்கவும் கூடாது. அமெரிக்காவில் நர்சுகள் கொடுக்கிறார்களே என்பார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்காத நர்ஸ் மயக்கவியல் படிப்பில் சேரவே முடியாது. இன்று அது முனைவர் நிலைப் படிப்பு.

பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவரை ஆண்டுதோறும் சில வாரம் அண்ணாமலை நகர் தியேட்டருக்கு அழைத்து, கடினமான குழாய் செருகலை மூத்தவர்கள் முன்னிலையில் செய்யவைக்க வேண்டும். இரவில் போன் எடுக்கும் எம்.டி. ஒருவர் பணிப்பட்டியலில் இருக்க வேண்டும். தியேட்டரே இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பயிற்சி பெற்றவரை மாற்றினால், கற்ற கை சில மாதத்தில் மறந்துபோகும். அப்படியொரு மாறுதல் ஆணையில் யாரும் கையெழுத்திடக் கூடாது.